ஒரு முழம் குறைந்த குளம்

நீச்சல் தண்ணீரில் நடக்கும் காரியம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அனந்தபுரி நீச்சல் சம்மேளனத்தின் படியை மிதிக்காதவர்கள். அங்கே நீச்சல் மாடியில் நடக்கிறது, ஏசி போட்ட அறையில், நீள மேஜையைச் சுற்றி. தண்ணீர் கீழே கிடக்கிறது. மாடியில் முடிவானதைக் கீழே நனைத்துக் காட்டுவதுதான் அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வேலை.

இதைத் தெரிந்துகொள்ள சுடலைக்கண்ணுவுக்கு மூன்று மாதம் ஆயிற்று. அவர் டைல்ஸ் ஒட்டும் கொத்தனார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்தவர். சாலைக் கம்போளச் சந்தைக்குப் பின்னால் வாடகை வீடு. மனைவி மாடம்மாள் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் காய் நறுக்குகிறாள். ஒரே மகள் ஆர்ஷா. பிரசவ வார்டில் இருந்த நர்ஸ் வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் நீச்சல் டீச்சர் கையில் சிக்கி, அப்புறம் தண்ணீரை விட்டு வெளியே வராமலே வளர்ந்துவிட்டாள்.

சுடலைக்கண்ணுவுக்கு மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைத் தவிர வேறு எதிலும் நம்பிக்கை கிடையாது. புது டேப் வாங்கப் போனால் பழைய டேப்பைக் கொண்டுபோய் வைத்து அளந்து பார்த்துத்தான் வாங்குவார். கடைக்காரர் பழைய டேப்பை நம்புகிறீர்களே என்று கேட்டால், அதை ஏற்கெனவே சந்தேகப்பட்டு முடித்தாயிற்று என்பார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒரு நாள் சம்மேளனத்திலிருந்து கடிதம் வந்தது. தேசியப் போட்டிக்குப் போகும் பெண்கள் ரிலே அணியின் நான்காவது இடத்துக்கு ஆர்ஷாவைப் பரிசீலிக்கிறார்களாம். பெற்றோருடன் வர வேண்டுமாம். ஆர்ஷாவுக்கு அந்த நான்காவது இடம் எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இருபத்துநாலு வயது. தேசியப் போட்டியில் ஒரு பதக்கம் வாங்கியவர்களுக்கு ரயில்வேயில் வேலை கிடைக்கும், இருபத்தைந்து முடிவதற்குள். தனியாக நீந்தினால் அவள் ஆறாவதோ ஏழாவதோதான் வருவாள். நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கு நூறு மீட்டர் நீந்தினால் மூன்றுக்குள் வரலாம். அதுவும் இந்த ஒரு தடவைதான். மாடம்மாள் இப்போதே அந்த வேலையைப் பற்றித் தணிந்த குரலில்தான் பேசுவாள், யாராவது கேட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

மூன்று பேரும் மாடி ஏறினார்கள். சம்மேளனத் தலைவர் ஆனந்தகிருஷ்ணன் வலியசாலைக்காரர். ஏதோ ஒரு அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் அவருக்கு ஆகாது, சளி பிடிக்கும். அவருக்குப் பக்கத்தில் பவிழமல்லி டைல்ஸ் கம்பெனியின் விளம்பர மேலாளர் ஸ்மிதா உட்கார்ந்திருந்தாள். தேர்வுக் குழுவில் டைல்ஸ் கம்பெனிக்காரிக்கு என்ன வேலை என்று சுடலைக்கண்ணு சந்தேகப்பட்டார். டைல்ஸ் ஒட்டுகிற நமக்கு என்ன வேலையோ அதேதான் என்று நினைத்து அடங்கிவிட்டார்.

“கொழந்தையோட டைம் பார்த்தேன்,” என்றார் ஆனந்தகிருஷ்ணன். “நூறு மீட்டர், ஒரு நிமிஷம் ரெண்டு செகண்ட். ரொம்ப நன்னாயிருக்கு. அதான் எங்களுக்கு சம்சயமா இருக்கு.”

“என்ன சம்சயம் சாரே?”

“ஸ்பான்சர் இல்லாம ஒருத்தி எப்படி இத்தனை வேகமாப் போக முடியும்? அணியில ஏற்கெனவே மூணு பேர். குடைன்னு ஒருத்தி இருக்கா. அவ பின்னாடி ஒரு குடைக் கம்பெனி இருக்கு. எண்ணெய் இருக்கா. அவ பின்னாடி தலைக்குத் தேய்க்கற எண்ணெய்க் கம்பெனி. டைல்ஸ் இருக்கா, பத்மப்ரியா, அவளுக்குப் பவிழமல்லி. அவாள்ளாம் வேகமாப் போறதுக்கு ஒரு காரணம் இருக்கு, கேட்டேளா. ஒங்க பொண்ணு பின்னாடி யாரு?”

சுடலைக்கண்ணு திரும்பிப் பார்த்தார். மகளுக்குப் பின்னால் மாடம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

“எங்க வீட்டுக்காரிதான் சாரே,” என்றார்.

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரையோ மறைக்கிறான் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். ஸ்மிதா பேனாவைத் திறந்தாள். “சேட்டா, மோள் என்ன டயட்?”

“சோறும் சாளை மீனும்.”

“சாளை யாரு சப்ளை?”

“விழிஞ்ஞத்துலேர்ந்து ஜெஸ்லின்னு ஒரு பொம்பள கூடையில கொண்டாருவா.”

ஸ்மிதா எழுதிக்கொண்டாள். பிறகு ஆனந்தகிருஷ்ணன் சம்மேளனத்தின் கொள்கையை விளக்கினார். பெரிய மனிதர் விளக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்று யாரும் பேசவில்லை.

“டைம்ங்கறது வாட்சோட அபிப்பிராயம். நாங்க எல்லா அபிப்பிராயத்தையும் மதிக்கறோம். ஆனா வேகம் இன்னிக்கு வரும், நாளைக்கு ஜலதோஷம் பிடிச்சாப் போயிடும். ஒப்பந்தம் மூணு வருஷம் இருக்கும். அதனால சம்மேளனம் எது நிலையானதோ அதை முதல்ல தேர்ந்தெடுக்கறது. நீந்தறவா தானா வந்து ஒட்டிக்குவா. இதுல ஒளிவு மறைவே கிடையாது. வெளியில சொல்லப்டாது, அவ்வளவுதான்.”

அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. ஆர்ஷாவின் வேகத்துக்குப் பின்னால் இருக்கும் சாளை நிறுவனத்தின் பெயர், பதிவு எண், ஒப்புதல் கடிதம் ஆகியவற்றை ஏழு நாட்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் மறைமுக ஸ்பான்சர் என்று கருதப்படும்.

“கடல்னு எழுதிக் குடுங்க,” என்றாள் மாடம்மாள்.

கடல் என்று எழுதிக் கொடுத்தார்கள். கடலின் ஒப்புதல் கடிதம் இணைக்கப்படவில்லை என்று பதில் வந்தது. பயிற்சியாளர் ஜிபின், பாவம், நல்ல பையன். கோட்டயத்துக்காரன். வீட்டுக்கே வந்து, “சேட்டா, பேடிக்க வேண்டா. இவிட எல்லாம் இங்ஙனெதான்,” என்று தைரியம் சொன்னான். சுடலைக்கண்ணு விழிஞ்ஞத்துக்குப் போய் ஜெஸ்லினிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் மீன் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, இந்தப் பெண் நீந்துவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று கடல் சார்பாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சம்மேளனம் அதை ஏற்றுக்கொண்டது. மற்ற கம்பெனிகளின் கடிதங்களில் இரண்டாவது வாக்கியம் இல்லாததால், இதில் ஏதோ சூது இருக்கிறது என்று கோப்பில் ஒரு குறிப்பும் எழுதியது.

இதற்கிடையில் சுடலைக்கண்ணுவுக்கு ஒரு வேலை வந்தது. காண்ட்ராக்டர் கூப்பிட்டு அனுப்பிய இடம் கரமனையில் உள்ள சம்மேளனத்தின் குளமேதான். பவிழமல்லி டைல்ஸ் தன் பெயரைத் தண்ணீருக்குள்ளே ஒளிர விட ஆசைப்பட்டது. கண்ணாடி முகப்பும் உள்ளே விளக்கும் வைத்த பெட்டி. நாலாவது தடத்தில், இந்தச் சுவரில் ஒன்று, எதிர்ச்சுவரில் ஒன்று. நீந்துகிறவள் சுவரை உதைத்துத் திரும்பும்போது தண்ணீருக்குள் இருக்கும் கேமராவில் அவள் பாதமும் பவிழமல்லியும் ஒன்றாகத் தெரியும். நாலாவது தடத்தில் எப்போதும் நீந்துகிறவள் பத்மப்ரியா. கம்பெனியின் முகம் அவள்தான்.

பெட்டியைக் கையில் வாங்கியதும் சுடலைக்கண்ணு அளந்தார். ஒரு சாண் கனம்.

“மேடம், இத வச்சா இந்தப் பக்கம் ஒரு சாணு, அந்தப் பக்கம் ஒரு சாணு, ஆக ஒரு முழம் குறையும் பாத்துக்கிடுங்க,” என்றார் ஸ்மிதாவிடம்.

“எது குறையும்?”

“குளம்.”

“சேட்டா, குளம் எங்ஙனெ குறையும்? தண்ணி அவ்வளவுதானே இருக்கு?”

அவர் விளக்க முயன்றார். ஐம்பது மீட்டர் குளத்தில் ஒரு முழம் போனால் அது ஐம்பது மீட்டர் குளம் இல்லை. நூறு மீட்டர் போகிறவளுக்கு அரை நொடி மிச்சமாகும். ஸ்மிதா பொறுமையாகக் கேட்டாள். “நெகட்டீவா பறயாதீங்க சேட்டா. பிராண்ட் வந்தா ஸ்பேஸ் எடுக்கும். அதானே பிராண்ட்?” என்றாள். கொத்தனார் வேலை ஒட்டச் சொன்னதை ஒட்டுவது. ஒட்டினார். ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்துச் சுத்தமாகத்தான் ஒட்டினார். தப்பான இடத்திலும் சரியாகத்தான் ஒட்ட வரும் அவருக்கு.

நான்காவது இடத்துக்கான தேர்வு நாள் வந்தது. விதி எளிமையானது: சம்மேளனம் நிர்ணயித்த நேரத்துக்குள் நூறு மீட்டர் நீந்த வேண்டும். நிர்ணயித்த நேரம் எது என்றால், பத்மப்ரியா முந்தின வாரம் நாலாவது தடத்தில் நீந்திய நேரம். ஆர்ஷாவுக்கு ஏழாவது தடம். முதலில், அணியில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கும் சேர்த்து, சிரிப்புத் தேர்வு இருந்தது. குதிக்கும் மேடையில் நின்று மூன்று நொடி பல் தெரியச் சிரிக்க வேண்டும். குடை குடையோடு ஏறிச் சிரித்தாள். எண்ணெய், தொப்பிக்குள் கூந்தல் தெரியவில்லையே என்று கம்பெனி வருத்தப்பட்டதால், கண்ணாடித் தாளில் செய்த தொப்பி போட்டுக்கொண்டு சிரித்தாள். ஆர்ஷா சிரித்ததில் எந்தப் பொருளும் விளங்கவில்லை என்று குழு குறிப்பு எழுதியது.

பிறகு நீந்தினாள். நிர்ணயித்த நேரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு நொடி கூடுதல்.

ஆர்ஷா தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாள். மேலே ஏறி வரவில்லை. சுடலைக்கண்ணு கரையிலிருந்து எழுந்தார். வாய் திறக்காத மனிதர் மாடிக்குப் போய் வாய் திறந்தார்.

“சாரே, நாலாந் தடம் ஒரு முழம் குறைச்சலு. நான்தான் வச்சேன், எனக்குத் தெரியும். எம் புள்ள நூறு மீட்டரு நீந்துதா, அந்தப் புள்ள அதுக்குக் குறைய நீந்துது. பெட்டிய எடுத்துட்டு ஒரு வாட்டி நீந்தச் சொல்லுங்க, போதும்.”

இந்த மாதிரி ஒரு குற்றச்சாட்டு இதற்கு முன் அங்கே வந்ததில்லை. ஆனந்தகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாரபட்சம் என்ற சொல்லை அவரால் தாங்க முடியாது.

“நீங்கோ சொல்றது நியாயம்,” என்றார். “ஒரு தடத்துக்கு மட்டும் சலுகை கொடுக்கப்டாது. சம்மேளனத்துக்கு எல்லாத் தடமும் சமம். அதனால எட்டுத் தடத்துலேயும் பெட்டி வெச்சுடலாம்.”

ஸ்மிதா கைதட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். ஜிபின் மட்டும் தட்டவில்லை. அவன் கையில் வாட்ச் இருந்தது.

பாக்கி ஏழு தடம், பதினாலு பெட்டி. பெட்டி கம்பெனி தரும். ஒட்டுகிறவர் சம்பளம் வாங்காமல் ஒட்டித் தந்தால் அதுவே ஒரு ஸ்பான்சர்ஷிப் என்று சம்மேளனத்தின் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். ஸ்பான்சர் கிடைத்துவிட்டால் ஆர்ஷாவின் வேகத்தைப் பற்றி இருக்கும் சந்தேகமும் தீர்ந்துவிடும். நான்காவது இடம் அவளுக்குத்தான். ஆனந்தகிருஷ்ணன் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையிலேயே கருணை இருந்தது.

வீட்டில் அன்றைக்குச் சண்டை. “குளத்தக் குறைக்கதுக்கு நீங்களே போவியளா?” என்றாள் மாடம்மாள். ஆர்ஷா ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருந்ததுதான் சுடலைக்கண்ணுவைப் போக வைத்தது. வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டார் என்று பின்னால் தமக்குத்தாமே பலமுறை சொல்லிக்கொண்டார். அதையும் அவர் முழுசாக நம்பவில்லை.

நாலு நாளில் பதினாலு பெட்டியும் ஏறிவிட்டன. குளம் தகதகவென்று இருந்தது.

அதன் பிறகு அனந்தபுரி நீச்சலின் பொற்காலம் தொடங்கியது. ஒன்றரை மாதப் பயிற்சி முகாமில் குடை தன் வாழ்நாள் சாதனையை முறியடித்தாள். எண்ணெய் இரண்டு தடவை முறியடித்தாள். கரையில் சும்மா நின்றுகொண்டிருந்த ஒரு ரிசர்வ் பெண்கூட, தவறிப்போய் ஒரு தடவை முறியடித்தாள். ஆனந்தகிருஷ்ணன் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார்.

“இது விஞ்ஞானபூர்வமான பயிற்சியோட பலன்,” என்றார். “நாங்க நீந்தறவா மேல கவனம் செலுத்தலே. சூழ்நிலை மேல கவனம் செலுத்தினோம். நாங்க வந்தப்போ இந்தக் குளம் எப்படி இருந்தது? இப்போ எப்படி இருக்கு? வித்தியாசம் ஒங்களுக்கே தெரியும்.”

வித்தியாசம் ஒரு முழம் என்று கூட்டத்தில் நின்ற சுடலைக்கண்ணுவுக்கு மட்டும் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை.

ஆனால் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. நீச்சல்காரிகள் சுவரைப் பார்த்துத் திரும்புவதில்லை என்பதை முகாமில்தான் கவனித்தார். கை வீச்சை எண்ணிக்கொண்டே வந்து, இத்தனையாவது கை என்றதும் தண்ணீருக்குள் குட்டிக்கரணம் அடித்து, காலால் சுவரை உதைத்துத் திரும்புகிறார்கள். கால் சுவரில் பட்டே ஆக வேண்டும்; படாமல் திரும்பினால் அணியே தள்ளுபடி. ஒன்றரை மாதமாக அந்தக் கைகள் குறைந்த குளத்தை எண்ணிக்கொண்டிருந்தன. தேசியப் போட்டி நடக்கும் போபாலில் இருப்பது முழுக் குளம்.

அணி ரயில் ஏறும்போது மகளைத் தனியே கூப்பிட்டார்.

“ஏ புள்ள, அங்க எதிர்ச் செவுரு ஒரு சாண் தள்ளி இருக்கும். கைய நம்பாத. புதுசா எண்ணிக்கோ. மத்த புள்ளைக மூணு பேருட்டயும் சொல்லிரு.”

“சொல்லுதேன் அப்பா. நீங்க பேடிக்காதீங்க.”

அவள் சொல்லத்தான் செய்தாள். பத்மப்ரியா நல்ல பெண். கேட்டவுடன் ஜிபினிடம் போய்ச் சொன்னாள். ஜிபின் ஆனந்தகிருஷ்ணனிடம் சொன்னான். போட்டிக்கு முந்தின நாள் எல்லா அணிகளுக்கும் அந்தக் குளத்தில் நீந்திப் பழக ஒரு மணி நேரம் கொடுப்பார்கள். அதில் சரி பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில்தான் கம்பெனிகள் படப்பிடிப்பு வைத்திருந்தன. குடை குடையோடு நின்றாள். எண்ணெய் தலை வாரினாள். பத்மப்ரியா கரையில் ஒரு டைல்ஸைக் கையில் ஏந்தியபடி நின்றாள். நனையக் கூடாது என்று ஸ்மிதா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஏந்தி நிற்கப் பொருள் எதுவும் இல்லாத ஆர்ஷா மட்டும் தண்ணீரில் இறங்கி, போய்ப் போய் வந்து, கையைப் புதிதாக எண்ணினாள்.

மறுநாள் போட்டியை மாடம்மாளும் சுடலைக்கண்ணுவும் செல்போனில் பார்த்தார்கள். முதலில் குடை. பாய்ந்தாள், மிக அழகாகப் போனாள், குட்டிக்கரணம் அடித்தாள், உதைத்தாள். உதைத்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. கால் துழாவி, உடம்பைச் சுருட்டி எப்படியோ திரும்பி வந்தாள். எண்ணெய்க்கும் அதே கதை. பத்மப்ரியாவுக்கு ஞாபகம் இருந்தது, காலை நீட்டி எட்டப் பார்த்தாள். ஆனால் கை பழைய கணக்கில் போய்விட்டது, ஒரு விரல்கடை தவறியது. நாலாவதாக ஆர்ஷா. போனாள், சுவரைப் பொத்தென்று உதைத்தாள், திரும்பினாள். ஐந்தாவது இடத்திலிருந்து ஒவ்வொருத்தியாகத் தாண்டி வந்து இரண்டாவதாகத் தொட்டாள்.

மாடம்மாள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வெள்ளி என்றாள். சுடலைக்கண்ணு போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். எல்லா மாநிலத்துக்கும் நேரம் வந்தது. இவர்கள் பெயருக்கு நேரே நேரம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தள்ளுபடி என்று வந்தது. முதல் பெண் சுவரைத் தொடவில்லை, இரண்டாம் பெண் தொடவில்லை, மூன்றாம் பெண் தொடவில்லை.

தாம் கையால் ஒட்டிய பெட்டிதான் தம் மகளின் பதக்கத்தைத் தின்றது என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. ரசமட்டம் வைத்து ஒட்டிய பெட்டி. அன்றைக்கு முழுவதும் அவர் சாப்பிடவில்லை.

சம்மேளனம் விசாரணைக் குழு அமைத்தது. உறுப்பினர்கள் வெளியாட்களாக இருந்தால் பாரபட்சம் காட்டக்கூடும் என்று சந்தேகித்து, அதே ஆனந்தகிருஷ்ணனும் அதே ஸ்மிதாவும் மற்றவர்களும் அதே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். காலை பதினோரு மணி. சுடலைக்கண்ணு வேலையிலிருந்து நேராக வந்ததால் கரணை, உளி, சுத்தியல் இருந்த பை தோளில் தொங்கிற்று. ஆர்ஷா எதிரே நின்றாள்.

“நாலு பேர் ஒரே குளத்துல, ஒரே முகாம்ல, ஒரே பயிற்சி எடுத்திண்டேள்,” என்றார் ஆனந்தகிருஷ்ணன். “மூணு பேர் சொல்லிக் கொடுத்த இடத்துல கரெக்டாத் திரும்பியிருக்கா. மூணு பேரும் சுவரைத் தொடலே. நீ மட்டும் ஏன் தொட்டே?”

“சுவர் அங்கதான் சார் இருந்தது,” என்றாள் ஆர்ஷா.

“அது அவா சுவர். நம்ம சம்மேளனத்தோட அளவு உனக்குத் தெரியாதா? அணியை விட்டு விலகி, தனியா ஒரு அளவுல நீந்தியிருக்கே. இதை உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? போபால்காரா யாராவது முன்கூட்டியே பேசினாளா?”

ஸ்மிதா பேனாவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். ஆர்ஷா ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் சுடலைக்கண்ணுவால் முடியவில்லை.

“நான்தான் சொன்னேன் சாரே,” என்றார். “பெட்டிய ஒட்டினதும் நான்தான். பதினாறு பெட்டியும் எங்கையால ஒட்டினது. குளம் குறையும்னு தெரிஞ்சேதான் ஒட்டினேன். எம் மகளுக்கு எடம் கெடைக்கும்னு ஒட்டினேன். தப்பு என்னோடது. அந்தப் புள்ளைக மூணும் பாவம், இவளும் பாவம். யாரையும் ஒண்ணும் செய்யாதீங்க.”

மேஜையைச் சுற்றி ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. அந்த அறையில் தப்பு என்னுடையது என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனந்தகிருஷ்ணன் எழுந்து வந்து சுடலைக்கண்ணுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“இந்த மாதிரி மனுஷா இருக்கறதாலதான் சம்மேளனம் நிக்கறது,” என்றார். பிறகு உட்கார்ந்து தீர்மானம் எழுதச் சொன்னார்.

தீர்மானம் பின்வருமாறு: குளத்தில் பொருத்தப்பட்ட பதினாறு பெட்டிகளும் சுடலைக்கண்ணு என்ற கொத்தனாரின் சொந்தச் செயல். அவற்றோடு சம்மேளனத்துக்கோ பவிழமல்லி நிறுவனத்துக்கோ எவ்விதத் தொடர்பும் இல்லை. முறைகேட்டினால் பயன்பெறுவார் என்று எண்ணப்பட்டவர் என்ற வகையில் ஆர்ஷா இரண்டு வருஷத்துக்குப் போட்டிகளிலிருந்து விலக்கி வைக்கப்படுகிறார். அளவு மாறாமல் நீந்திய மற்ற மூவரின் விசுவாசம் பாராட்டப்படுகிறது. எவ்விதத் தொடர்பும் என்ற இடத்தில் எவ்வித என்ற சொல்லை ஸ்மிதா கேட்டு வாங்கிப் போட்டாள். எல்லோரும் கையெழுத்திட்டார்கள். சுடலைக்கண்ணுவிடமும் வாங்கினார்கள். இரண்டு வருஷம் என்றால் ரயில்வே முடிந்தது. மகளைக் காப்பாற்ற வாய் திறந்து, மகளைத் தாமே தூக்கிக் கொடுத்துவிட்டார். அது அவருக்குக் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் முழுசாக உறைத்தது.

குழு டீ குடிக்க ஆரம்பித்தது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். குளத்தங்கரையில் இருந்த மின்பெட்டியைத் திறந்து மெயினை அணைத்தார். பதினாறு விளக்கும் அணைந்தன. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நாலாவது தடத்தில் இறங்கி, உளியைப் பெட்டியின் ஓரத்தில் வைத்து ஒரு தட்டு தட்டினார்.

சத்தம் கேட்டு மாடியில் இருந்தவர்கள் டீக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“சுடலைக்கண்ணு, என்ன பண்றேள்?”

“பெட்டி என்னோடதுன்னு எழுதிட்டீங்கள்லா சாரே. எந் தப்ப நான் எடுத்துட்டுப் போறேன்.”

ஆனந்தகிருஷ்ணன் ஸ்மிதாவைப் பார்த்தார். ஸ்மிதா தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தாள். எவ்விதத் தொடர்பும் இல்லை என்று மை காயாமல் இருந்தது. அது எங்கள் பெட்டி என்று சொல்ல அவளால் முடியவில்லை. அது எங்கள் குளம் என்று சொல்ல ஆனந்தகிருஷ்ணனுக்கு வாய் வந்தது. சொன்னால் எதெல்லாம் எங்களுடையது என்று வரும் என்ற சந்தேகத்தில் மூடிக்கொண்டார்.

ஆர்ஷா சுடிதாரோடு தண்ணீரில் இறங்கி, கண்ணாடி விழுந்துவிடாமல் பெட்டியைத் தாங்கிக்கொண்டாள்.

“ஒன்ன விலக்கி வச்சிருக்காங்கல்லா. நீ எறங்கலாமா?”

“நீந்தக் கூடாதுன்னுதான் அப்பா எழுதியிருக்கு. நிக்கதுக்கு ஒண்ணும் எழுதல்ல.”

அவள் அப்படிச் சொன்னதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. அழுதுகொண்டே கழற்றினார். ஒவ்வொரு பெட்டியாகக் கரையில் ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் குளம் பழைய குளமாகிவிட்டது.

ஒரு மாதம் கழித்து சம்மேளனம் ஒரு விழா எடுத்தது. சர்வதேசத் தரத்துக்கு நீட்டிக்கப்பட்ட நீச்சல் குளத்தின் திறப்பு விழா என்று கிழக்கேகோட்டை வரை போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். முழு ஐம்பது மீட்டர் என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே பவிழமல்லி டைல்ஸ் பெயர். எட்டுத் தடத்திலும் எட்டுப் பெண்கள் நீந்திக் காட்டுவதாக ஏற்பாடு. நாலாவது தடத்துக்குப் பத்மப்ரியா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஸ்மிதா சுடலைக்கண்ணுவுக்குப் போன் செய்தாள்.

“சேட்டா, மோளெ ஒன்னு அனுப்புங்க. இது போட்டி இல்லல்லோ, அதனால விலக்கு பொருந்தாதுன்னு பிரசிடென்ட் சொல்லிட்டார். ஆர்ஷாவுக்கு நல்ல விசிபிலிட்டி கிட்டும்.”

சுடலைக்கண்ணு விழிஞ்ஞத்தில் ஒரு வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் ஆர்ஷாவுக்கு இருபத்தைந்து முடிந்திருந்தது.

“அவ இல்ல மேடம்,” என்றார். “அவங்க அம்மாகூட காய் நறுக்கப் போயிருக்கா.”